ஏழாம் நபரின் கண்

உலகத்தை இரண்டாயிரத்து அறுநூறு தடவைக்கு மேல் சுற்றி வந்த டாக்டர் செண்பகவல்லிக்கு, மதுரையில் ஒரு கண் ஆஸ்பத்திரியின் இரும்பு நாற்காலியில் நாற்பது நிமிடம் கண்ணை மூடி உட்காரத் தெரியவில்லை. முதல் சொட்டு விட்டுப் பத்து நிமிடம் ஆகியிருக்குமா, ஐந்துதானா, கடிகாரத்தைப் பார்க்கலாமென்றால் கண்ணைத் திறக்கக் கூடாது, திறந்தால் சிஸ்டர் எங்கிருந்தோ முளைத்துவிடுகிறாள், "எம்மா, பச்சச் சுடிதாரு, கண்ண மூடுங்க, மருந்து புடிக்காது" என்று கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி ஓர் அதட்டல். பச்சைச் சுடிதார். இங்கே அவள் பேர் அவ்வளவுதான். அதுவும் நல்லதுக்குத்தான், கோவில்பட்டியில் பிறந்து விண்வெளிக்குப் போன டாக்டர் என்று யாராவது கண்டுகொண்டால் செல்ஃபிக்கு வரிசை நின்றுவிடும், அப்புறம் இந்தச் சோதனை எதற்கு என்று கேள்வி வரும். மருந்து கண்ணில் எரிந்து, மூக்கு வழியாக இறங்கி, தொண்டையில் கசந்தது. ஐம்பத்தேழு வயதில் இந்தக் கசப்பைக்கூட ஆசையாக விழுங்குகிறாளே, அவளை என்னவென்று சொல்வது. காரணம் கைப்பையில், போனுக்குள், ஒரு கடிதமாக இருந்தது. பதினாலு நாள் பயணம், தனியார் கலம், கூடப் போக ஒரு டாக்டர் வேண்டும், ஏற்கெனவே போய் வந்தவராக இருந்தால் நல்லது, வயது தடையில்லை, கண் அறிக்கை மட்டும் இன்று இரவுக்குள் வந்து சேர வேண்டும். அதை அவள் எத்தனை முறை படித்தாளென்று அவளுக்கே தெரியாது, விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர் தூங்கின பிறகு உதடு அசையப் படித்தாள். அங்கே போய் எதைப் பார்க்கப் போகிறாய் என்று கேட்டால் பதில் கிடையாது. எல்லோரும் நினைப்பதுபோல அந்த நீல உருண்டை இல்லை, அதைப் படத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். காலையில் விழிக்கும்போது முகத்துக்கு எதிரே இரண்டு கைகள் மிதக்கும், யாருடையவோ என்று ஒரு கணம் தோன்றும், அப்புறம் நம்முடையது என்று தெரியும், அது வேண்டும். ஒற்றை விரலால் சுவரைத் தள்ளினால் உடம்பு முழுக்கக் கிளம்பிப் போகுமே, அது வேண்டும். கூட இருந்த மார்க்கோவுக்கு ஈறில் சீழ் வைத்து வீங்கியபோது, கம்பிக்குள் தன் பாதத்தைச் செருகிக்கொண்டு, அவன் தலையை முழங்கால்களுக்கு நடுவில் இறுக்கிப் பிடித்து, சீழை எடுத்தாளே, அந்த இருபது நிமிடம் வேண்டும். அவ்வளவு முழுசாக அவள் அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை. ஏங்கி ஏங்கிப் பதிமூன்று வருஷம் ஓடிவிட்டது. ஒரு தடவை போனவளுக்கு இன்னொரு தடவை வருமென்று ஆறு வருஷம் பட்டியலைப் பார்த்தாள், வரவில்லை, இளசுகள் போனார்கள், அவள் பாஸ்டனில் மருத்துவக் கருவிக் கம்பெனிகளில் பணம் போடுகிற நிறுவனத்தில் சேர்ந்தாள். நோயாளியைத் தொடுவது போய், நோயாளியைத் தொடும் கருவியைக் காட்டுகிறவர்களிடம் கேள்வி கேட்பது வேலையானது. கண்ணாடி அறை, நீள மேசை, பத்துப் பேர் வந்தால் ஒன்பது பேரிடம் நோகாமல் முடியாது என்று சொல்ல வேண்டும். அதில் அவள் கெட்டிக்காரி என்று பெயர். கெட்டிக்காரி என்று பெயரெடுத்த வேலையில் ஒருநாளும் மனசு ஒட்டவில்லை.

இன்று காலையில்தான் பத்தாவது ஆளைப் பார்த்தாள். டாக்டர் முகைதீன் பாத்திமா, மேலப்பாளையத்துப் பெண், மூளை நரம்பு அறுவை படித்தவள், அரசு ஆஸ்பத்திரியில் எட்டு வருஷம் பைக் விபத்துத் தலைகளையே பார்த்துப் பார்த்து ஒருநாள் வேலையை விட்டு, இரண்டு என்ஜினியர்களைச் சேர்த்துக்கொண்டு, சோப்பு டப்பா அளவில் ஒரு கருவி செய்திருக்கிறாள். மூடிய இமைமேல் கொஞ்சம் களிம்பைத் தடவி இதை வைத்தால் போதும், கண்ணுக்குப் பின்னாலுள்ள நரம்பின் உறை எவ்வளவு தடிமன் என்று காட்டும், மண்டைக்குள் அழுத்தம் ஏறினால் அந்த உறை வீங்கும், வீங்கினால் மணி அடிக்கும். ஸ்கேன் இல்லாத சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் அடிபட்டவர்களில் யாரை உடனே மதுரைக்கு அனுப்ப வேண்டும், யாரை அங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு நர்ஸே சொல்லிவிடலாம். நல்ல கருவி. ஏழு வருஷத்தில் இவ்வளவு நல்ல கருவியை அவள் பார்த்ததில்லை, உள்ளூரச் சந்தோஷமாகத்தான் இருந்தது, திரையில் அந்தப் பன்னிரண்டு கோடுகள் வரும்வரை. எடையில்லாத இடத்தில் உடம்பின் நீரெல்லாம் தலைக்கு ஏறும், நரம்புறை மெதுவாக வீங்கும், அதனால் விண்வெளிக்குப் போன பன்னிரண்டு பேரின் அளவுகளைப் பழைய ஆய்விலிருந்து எடுத்திருக்கிறார்கள். பதினோரு கோடு மேலே ஏறியது, ஒன்று மட்டும் தரையோடு தரையாகப் போனது. "இவங்கதான் மேடம் எங்க ஏழாம் நபர்" என்றாள் பாத்திமா, சொந்தக்காரியைக் காட்டுகிற குரலில். "பேரு கெடையாது. பொம்பள, அஞ்சடி ஒரு அங்குலம், அவ்வளவுதான் போட்டிருக்கு. அஞ்சு மாசத்துக்கு மேல இருந்திருக்காங்க, உறை அசையவே இல்ல. சின்ன ஒடம்புக்கு ஏதோ ஒரு தாங்குற சக்தி இருக்கு. நம்ம ஊருப் பொம்பளைங்க பாதிப் பேரு அந்தச் சைஸுதான. அதனால அவங்களுக்கு மட்டும் மணி கொஞ்சம் தள்ளி அடிக்கிற மாதிரி வச்சிருக்கோம். லேசா வீங்குனதுக்கெல்லாம் நூத்தியெட்டுல தூக்கிப் போட்டு எண்பது கிலோமீட்டர் ஓட்ட வேண்டாமுல்ல." சொல்லும்போது பாத்திமா அவளைப் பார்க்கவில்லை. பார்க்காததே பார்த்த மாதிரி இருந்தது. ஒரே ஒருவரை வைத்து இப்படி முடிவு கட்டலாமா என்று செண்பகவல்லி கேட்டுப் பார்த்தாள். "ஒருத்தர் இல்ல மேடம், இங்கயும் அறுபது பேர அளந்தோம், ஏழாம் நபர வச்சுப் பாத்தாத்தான் எல்லாம் அர்த்தமாகுது" என்று பதில் வந்தது. நாலு மணிக்குக் கையெழுத்து, அடுத்த வாரம் நாற்பது ஊர்களுக்குக் கருவி போகும், பாஸ்டன் இல்லையென்றால் சிங்கப்பூரில் ஒருவர் காத்திருக்கிறார்.

தொண்ணூற்றோராம் நாள். அந்த நாளை அவள் எப்போது தொட்டாலும் அது சுடச்சுடத்தான் இருக்கிறது. வேலைப் பட்டியலைப் படிக்கத் தாளைத் தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது, முதலில் இரண்டு அங்குலம், அப்புறம் முழுக் கை. கலத்தின் டாக்டர் அவள்தான், எல்லோருக்கும் அளப்பவளும் அவள்தான், தனக்குத் தானே அளந்துகொள்பவளும் அவள்தான். தரைக்குப் படம் போகுமுன் இடது இமைமேல் கருவியை வைத்துப் பார்த்தாள், சாம்பல் படத்தில் கறுப்புப் பட்டை தெரிந்தது, ஐந்து மில்லிமீட்டருக்குள் நிற்க வேண்டியது ஆறைத் தாண்டி நின்றது. இந்த அளவு கீழே தரைக்குப் போனால் அவ்வளவுதான், இனி நீண்ட பயணம் கிடையாது என்று அவளுக்குத் தெரியும், மற்றவர்களுக்கு அதை எழுதியவளே அவள்தானே. கையை லேசாகச் சாய்த்தாள். அவ்வளவுதான் செய்தாள். வாழைத்தண்டை நடுவில் பிளக்காமல் ஓரமாகச் சீவினால் பட்டை ஒடுக்கமாகத்தானே தெரியும். கறுப்புக் கோடு மெலிந்தது, தரையிலிருந்து ஒரு பெண்குரல், பிரமாதமான படம் டாக்டர், அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள் என்றது. மடியில் கனமில்லாவிட்டால் வழியில் பயமில்லை என்பார்கள், எந்தக் கனமும் இல்லாத அந்த இடத்தில் அவளுக்குப் பயத்தில் விரல்கள் விறைத்தன. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பார்த்துச் சிரித்திருக்கிறாள், அவள் மறைத்தது ஒரு மில்லிமீட்டர்தான். கடைசி நாள்வரை மறைத்தாள். இறங்கிய பிறகு வீக்கம் மெல்ல வடிந்தது, இடது கண்ணின் அடியில் ஒரு சின்ன மடிப்பு மட்டும் தங்கியது, அதை வயசுக் கணக்கில் எழுதினார்கள். அந்த மடிப்பு பதினாலு நாள் பயணத்துக்குத் தடையே இல்லை. இன்றைய அறிக்கையில் தேறிவிடுவாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் தேறிவிடுவாள். அளவை மாற்றி எழுதிய டாக்டரை எவனும் டாக்டராகக் கூட்டிப் போக மாட்டான்.

"தாயி" என்று பக்கத்து நாற்காலி கூப்பிட்டது. பீடி வாசமும் டீசல் வாசமும் கலந்த ஆள், குரலை வைத்துப் பார்த்தால் அவள் வயதுதான் இருக்கும். "எழுத்து வாசிக்கிற ரூமுக்குள்ள போயிட்டு வந்துட்டீங்கள்ல? அந்தப் போர்டுல கடேசி ரெண்டு வரி என்ன எழுத்துன்னு ஞாபகம் இருக்கா?" எதற்கென்று கேட்டாள். "மேலருந்து அஞ்சு வரி எனக்கு மனப்பாடம். மேலூர்ல நம்ம பையன் ஒருத்தன் போன மாசம் வந்துட்டுப் போயி எழுதிக் குடுத்தான். கீழ ரெண்டு வரிய மறந்துட்டான், வெளங்காத பய." லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டுமாம், பெயர் பெரியகருப்பன், முப்பத்திரண்டு வருஷமாக லாரி, தூத்துக்குடியில் ஏற்றினால் நாக்பூரில்தான் இறக்குவது. "வீட்ல கெடன்னா கெடக்க முடியுமா? ரெண்டு நாளு இருந்தா எம்பொண்டாட்டிக்கு என்னைய ஆகாது, எனக்கு அவள ஆகாது. வண்டியில ஏறி உக்காந்து கதவச் சாத்துனாத்தான் தாயி நான் ஆளு." செண்பகவல்லிக்குச் சிரிப்பு வந்தது, அந்த இரண்டு வரியும் நாக்கு நுனியில் நின்றது. போகிற இடத்திலெல்லாம் கடைசி வரியை மனசில் போட்டுக்கொள்வது அவளுக்குப் பழக்கமாகிப் போயிற்று, இன்றைக்குத் தேவையே இல்லாமல் போட்டு வைத்திருக்கிறாள். சொல்லிவிடலாம், ஏங்குகிற மனுஷன், ஏங்குகிறவர்களின் சாதி ஒன்றுதான். "எதுத்தாப்ல வர்றவங்க தெரியுறாங்களாண்ணே?" என்று டாக்டர் புத்தி கேட்டுவிட்டது. "லைட்டு தெரியும். பெரிய வண்டின்னாத் தெரியும்." பீடிக்கட்டை உருட்டுகிற சத்தம் கேட்டது. "சின்ன உருப்படியா குறுக்க வந்தாத்தான் செரமம்." அவளுக்குச் சுரீரென்றது. "அப்ப நீங்க வண்டிய எடுக்கவே கூடாதுண்ணே." "சொல்லிட்டீங்க. ஒங்களுக்கென்ன தாயி. வண்டிய விட்டு எறக்கிவிட்டுப் பாத்தாத்தான் தெரியும்." ஊருக்குத்தான் உபதேசம் என்று சும்மாவா சொன்னார்கள். எழுத்து ஞாபகமில்லை என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுக் கண்ணை இன்னும் இறுக்கினாள். அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். கதவைச் சாத்தவில்லை போலிருக்கிறது, அவர் வாசிப்பது கூடத்துக்குக் கேட்டது, கோவில் திருவிழாவில் மைக் பிடித்தவர் மாதிரி முதல் ஐந்து வரியும் கணீரென்று வந்தன, அப்புறம் குரல் நின்றது. "ம், சொல்லுங்க ஐயா, அடுத்தது" என்றது ஒரு பெண்குரல். ஒன்றும் வரவில்லை. தனக்கே யாரோ கேள்வி கேட்டு நிற்கிற மாதிரி இருந்தது, அந்த இரண்டு வரியையும் உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தாள். திரும்பி வந்தவர் பொத்தென்று உட்கார்ந்தார். "கண்ணுல பொறையாம் தாயி. ஆபரேசன் பண்ணுனா ஒரு மாசத்துல பளிச்சுனு தெரியுமாம். இது மொதல்லயே தெரிஞ்சிருந்தா ராத்திரியெல்லாம் முழிச்சு மனப்பாடம் பண்ணிருக்க மாட்டேன்." தன்னையே கேலி செய்துகொண்டு சிரித்தார், துண்டை உதறுகிற சத்தம் கேட்டது, எழுந்து போனார்.

அவருக்கு ஒரு மாசத்தில் தெரிந்துவிடும். கொடுத்து வைத்தவர். இவளுக்கு எந்த ஆபரேஷனும் கிடையாது, பட்டியலில் பெயர் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. சிஸ்டர் வந்து இமையைப் பிரித்து மறுபடி ஒரு சொட்டு விட்டாள், டார்ச் வெளிச்சம் வெள்ளைவெளேரென்று சிதறியது, இன்னும் கொஞ்சம் விரியட்டும் என்று போய்விட்டாள். வேறு வழி இல்லாமலா போகும். பயணம் முடிந்து வந்து சொல்லலாம், எப்போது கிளம்புவார்கள், அடுத்த மார்ச், அதற்குள் நாற்பது ஊரில் எத்தனை பெண்கள் வண்டிக்குப் பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து போய் வேகத்தடையில் விழுவார்கள். சேலை சக்கரத்தில் சுற்றி விழுவார்கள். ஐந்தடி, ஐந்தடி ஒன்று. நர்ஸ் கருவியை வைப்பாள், மணி அடிக்காது, ஒண்ணுமில்லம்மா படுத்துத் தூங்குங்க என்பாள், அவர்களும் படுத்துத் தூங்குவார்கள். சரி, பாத்திமாவிடம் எல்லோருக்கும் ஒரே அளவு வை என்று அடித்துச் சொல்லலாம், பணம் போடுகிறவள் சொன்னால் கேட்க மாட்டாளா, கேட்பாள், ஏன் என்றும் கேட்பாள், எட்டு வருஷம் மண்டை திறந்து பார்த்தவளிடம் அரைகுறைக் காரணம் செல்லாது. பெயர் இல்லாமல் ஒரு கடிதம் போடலாம். சீ, என்ன புத்தி இது. ஒருவேளை ஏழாம் நபர் உண்மையிலேயே வீக்கம் காணாதவளாக இருந்திருந்தால். அப்படி ஓர் உடம்பு நிஜமாகவே இருந்து, அது தன்னுடையதாக இருந்து, இத்தனை நேரம் அங்கே முகத்துக்கு எதிரே கைகள் மிதக்க விழித்துக்கொண்டிருந்தால். பாத்திமா சொந்தக்காரியைப் போலக் காட்டிய அந்தப் பெண் மீது அவளுக்கே பொறாமையாக இருந்தது. அந்தப் பெண் எங்கேயும் கிடையாது, அவளை உண்டாக்கியது ஒரு கையின் சாய்வு. அவளை நம்பி ஒரு மணி தாமதமாக அடிக்கப் போகிறது. போக வேண்டும். இன்னும் ஒரே ஒரு தடவை போக வேண்டும், போய்விட்டு வந்து எது வேண்டுமானாலும் ஆகட்டும். இந்த நினைப்பைப் பிடித்துத் தள்ளினால் அது இன்னொரு பக்கமாக வந்து உட்கார்ந்தது, கன்னத்தின் உட்புறத்தைக் கடித்துக்கொண்டாள்.

"மேடம், டீ வாங்கிட்டு வந்தேன். சக்கர இல்லாம" என்று பாத்திமாவின் குரல் பெரியகருப்பன் எழுந்துபோன நாற்காலியில் வந்து அமர்ந்தது. காகிதக் கோப்பையைக் கையில் பிடித்துக் கொடுத்தாள். சூடு விரலுக்கு இதமாக இருந்தது. இந்தச் சோதனைக்கு ஏற்பாடு செய்ததே அவள்தான், எதற்கென்று சொல்லித்தான் செண்பகவல்லி உதவி கேட்டிருந்தாள், அவளும் சின்னப் பிள்ளை மாதிரி குதித்தாள். "ரிசல்ட் நல்லா வரும் மேடம். நான் துவா செஞ்சிருக்கேன்." அதைக் கேட்டதும் செண்பகவல்லிக்கு இருக்கப் பிடிக்கவில்லை. கண்ணை மூடியபடியே, கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "பாத்திமா, ஏழாம் நபர் நான்தான்" என்றாள். "தெரியும் மேடம்" என்றாள் பாத்திமா, குரலில் வெட்கமும் சந்தோஷமும் குழைந்தன. "அஞ்சடி ஒரு அங்குலத்துல எத்தன பேரு போயிருப்பாங்க. அதனாலதான் மொதல்ல உங்களத் தேடி வந்தேன். காலையில கேக்கலாம்னு நெனச்சேன், தைரியம் வரல." "அந்த அளவு பொய். நான் கருவியச் சாய்ச்சுப் பிடிச்சேன். எனக்கும் வீங்குச்சு, மத்தவங்களவிட ஜாஸ்தியாவே வீங்குச்சு."

கூடத்தில் யாரோ இருமினார்கள், யாருடைய பெயரையோ கூப்பிட்டார்கள். பாத்திமா திட்டுவாள் என்று காத்திருந்தாள், திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள். "எவ்வளவு சாய்ச்சீங்க?" என்றாள் பாத்திமா. "பத்து டிகிரி. பன்னெண்டு இருக்கலாம்." "எப்பருந்து?" "தொண்ணூத்தொண்ணாம் நாள்லருந்து கடைசி வரைக்கும்." "நேரா ஒண்ணுகூட எடுக்கலையா?" "எடுத்தேன். சேமிக்கல." கைப்பையின் ஜிப் திறந்து மூடும் சத்தம் கேட்டது, மறுபடி திறந்தது. "ரெண்டு வருசம் மேடம்" என்றாள் பாத்திமா, குரல் இப்போது தடித்திருந்தது. "அந்த ஒரு கோட்ட வச்சுக்கிட்டு நான் தூங்குனதில்ல. எங்க உம்மாகிட்டகூடச் சொன்னேன், நம்மளாட்டம் குட்டையா ஒரு பொம்பள அங்க போயி ஒண்ணும் ஆகாம வந்திருக்கான்னு." கைப்பையின் ஜிப் இழுபட்டு மூடியது. "இத எழுதிக் குடுப்பீங்களா? அந்த ஆய்வு செஞ்சவங்களுக்கும் போகணும்." "குடுக்குறேன். இன்னைக்கே குடுக்குறேன். எல்லாத்தையும் மறுபடி அளந்துட்டு வாங்க, கையெழுத்து அப்பவும் போடுவேன், எங்க ஆபீஸ்ல என்னை வச்சிருந்தா." "எழுதிக் குடுத்துட்டா உங்கள அனுப்ப மாட்டாங்கல்ல." "மாட்டாங்க." டீ ஆறிக்கொண்டிருந்தது. பாத்திமா எழுந்து போய்விடுவாள் என்றுதான் நினைத்தாள், நாற்காலி கிறீச்சிட்டதே தவிர ஆள் போகவில்லை. கோபம் அடங்காத அதே குரலில், ஆனால் மெதுவாக, "அவ்வளவு ஆசையா மேடம், திரும்பப் போறதுக்கு?" என்று கேட்டாள்.

பதிமூன்று வருஷத்தில் இதை யாரும் அவளிடம் கேட்டதில்லை. எப்படி இருந்தது என்று கேட்டார்கள், பயமாக இருந்ததா, என்ன சாப்பிட்டீர்கள், மேடையில் கேட்டார்கள், கண்ணாடி அறையில் கைகுலுக்கிவிட்டுக் கேட்டார்கள், எல்லாவற்றுக்கும் பதில் கைவசம் இருந்தது. "ஆமா" என்றாள். "ஆமா பாத்திமா. ரொம்ப." அதற்குமேல் வரவில்லை, உதடு கோணிக்கொண்டது, மூடிய இமைகளுக்கு அடியிலிருந்து கண்ணீர் பொங்கிக் கன்னத்தில் இறங்கி டீக்குள் விழுந்தது, ஐம்பத்தேழு வயதுப் பெண் கூடத்தில் விக்கி விக்கி அழுகிறோமே என்ற கூச்சம்கூட வரவில்லை, போக முடியாது, இனி போகவே முடியாது. பாத்திமா கோப்பையை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். அதற்குள் செருப்புச் சத்தம் விரைந்து வந்தது. "எம்மா, பச்சச் சுடிதாரு, என்னம்மா இது! அழுதா ஊத்துன மருந்தெல்லாம் கழுவிட்டுல்ல போகும்! போச்சு, இனி மொதல்லருந்து ஊத்தணும், இன்னும் நாப்பது நிமிசம் உக்காரணும்." சொல்லிக்கொண்டே பக்கத்தில் வந்தவள் முகத்தைப் பார்த்தாள் போலிருக்கிறது, அதட்டல் இறங்கியது. பஞ்சை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தாள். "சரி, நல்லா அழுது முடிச்சிட்டுச் சொல்லுங்க, அப்புறம் ஊத்துறேன்" என்று மருந்துப் புட்டியை மூடிப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.